சப்பாத்து இருக்கப் பயமென்ன

நான் திருகோணமலை உப்புவெளியில் ஓட்டோ ஓட்டுகிறேன். ஆடி ஆவணியில் ஸ்பெயின்காரர் வருவார்கள் என்று ஃபோனைப் பார்த்து ஒரு இருபது சொல் பாடமாக்கினேன், பார்த்தால் அதில் சிலது ஏற்கனவே எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. போன வருஷம் கோணேசர் கோயில் வாசலில் ஒரு ஸ்பெயின்காரச் சோடி காலில் சப்பாத்தோடு உள்ளே போகப் பார்க்க, அவசரத்தில் "சப்பாத்து! சப்பாத்து!" என்று தமிழில்தான் கத்தினேன். உடனே கழற்றிவிட்டார்கள். அவர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து "தபாத்தோ" என்கிறார்கள், ஆர்ஜென்டினாக்காரர் வாயில் அதுவே "சப்பாத்தோ". பாண் அங்கேயும் பான், மேசை மேசா. நமக்கு இதெல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போனது, ஸ்பானிஷ் அந்த மொழிக்குச் சொந்தக்காரி. ஆனால் கதிரையை நம்பிவிடாதீர்கள், அது அங்கே சியா.

திரும்பும்போது கோட்டை வாசலில் மான்களைப் படம் எடுத்துக்கொண்டு நின்ற ஸ்பெயின்காரரிடம், பழைய கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டை இது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போது போர்த்துக்கலுக்கும் எங்கள் ராஜாதான்" என்றார். நான் என்ன சொல்வது, சிரித்தேன்.

மாட்டிக்கொண்டது இன்னொரு நாள். ஆர்ஜென்டினாப் பெண் ஒருவர் விடுதிக்கு வழி பார்த்து "தெரேச்சோ, தெரேச்சோ" என்றார். தெரேச்சா என்றால் வலது, அதுதானே என்று நிலாவெளி வீதியிலிருந்து வலப்பக்கம் திருப்பினால் நேரே கடற்கரை மணல். சில்லுப் புதைந்து, நாலு பேர் தள்ளித்தான் எடுத்தோம். தெரேச்சோ என்றால் நேரே போ என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசி எழுத்தில் இப்படி ஆளைக் கவிழ்க்கிற பாஷையை நான் கண்டதில்லை.

நிலாவெளியிலிருந்து மறுமொழி:

அண்ணை, ஸ்பெயின்காரர் நேரே போக "ரெக்தோ" என்பார்கள், அதையும் சேர்த்துப் பாடமாக்குங்கள். நான் புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறேன். ஆமைக்குத் தொர்த்தூகா, சுறாவுக்குத் திபுரோன், இவ்வளவும் தெரிந்த தைரியத்தில் தண்ணீரைக் காட்டி "திபுரோன்!" என்றேன், ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகை விட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டார். அங்கே இருப்பது மனிதரைக் கண்டால் விலகிப் போகிற கருஞ்செட்டைச் சுறா, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இப்போது "பெக்கேஞ்ஞோ", சின்னது, என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன். அதைவிட முக்கியம் "நோ பிசார்", மிதிக்காதே. பவளப்பாறையில் ஏறி நிற்கிறவர்களிடம் இங்கிலீஷில் கத்திக் கத்தித் தொண்டை போனது, இதற்கு ஒரே தடவையில் இறங்குகிறார்கள்.