கலைச்சொல் வேண்டும்: அடாப்டிவ் மியூசிக் (பெட்டியில் 14 இடம்தான்)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கணினி விளையாட்டின் அமைப்புப் பட்டியலை (செட்டிங்ஸ்) தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஒலி' பக்கத்தில் ஒரு வரியில் வண்டி நின்றுவிட்டது: அடாப்டிவ் மியூசிக். ஆட்டத்தில் நடப்பதற்குத் தக்கபடி தானாக மாறும் பின்னணி இசை. எதிரி நெருங்கினால் முரசு சேரும், தப்பிவிட்டால் அடங்கும். வேண்டாதவர் அணைத்துவிடலாம்.

'சூழலுக்கேற்ற இசை' என்று போட்டேன். பெட்டி ஏற்கவில்லை. நம் கணக்கில் அது 9 எழுத்து. மென்பொருளோ புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணி, இடைவெளியோடு 16 என்கிறது. இருப்பது 14 இடம். தொல்காப்பியரே வந்து சொன்னாலும் அது கேட்காது. உதவுங்கள்.

நிரலர்:

தகவமை இசை. உயிரியல் பாடநூல்களில் 'தகவமைப்பு' ஏற்கெனவே இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 9 இடம். முடிந்தது.

தமிழாசிரியர்:

முடியவில்லை, தம்பி. தகவமைப்பு என்பது ஓர் உயிரினம் தலைமுறை தலைமுறையாக மாறுவது. ஒட்டகத்தின் திமில். நீங்கள் கேட்கும் இசை கண்ணிமைக்கும் நேரத்தில் மாறுகிறது.

சொல்லை எங்கோ போய்த் தேடுகிறீர்கள். 'இசை' பெயர் மட்டுமா? வினையும்தானே! இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். 'அவர் இதற்கு இசைந்தார்' என்று இன்றும் எழுதுகிறோம். தக்கபடி மாறுவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இசைவு + இசை = இசைவிசை. குற்றியலுகரமா முற்றியலுகரமா என்று யாரும் கிளம்ப வேண்டாம், இரண்டு வழியிலும் புணரும். 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்ற நூற்பாவையும் நோக்குக.

இன்னொருவர்:

நோக்கினேன், ஐயா. அங்கே 'இசையா' என்றால் பிரிந்து நின்று ஒலிக்காது என்று பொருள். பொருந்துதல் அந்தப் பக்கமே வரவில்லை. 'ஈதல் இசைபட வாழ்தல்' குறளில் இசை என்பது புகழ். அதையும் சேர்த்துக்கொண்டால் இசைவிசை என்பது இசைவான புகழா?

தமிழாசிரியர்:

ஒலித்தல், பொருந்துதல், புகழ் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. ஒலி ஒன்றோடொன்று பொருந்தினால் இசை. ஊர் ஒருவாயாகப் பொருந்திப் பேசினால் புகழ். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நிரலர்:

தனி மடல் வந்தது. நீளமாக இருக்கிறது. படிக்கிறேன், ஐயா.

இசையமைப்பாளர்:

விளையாட்டுகளுக்கு இசை எழுதுகிறவன் நான். பெயர் வைக்கும் முன் பிள்ளையைப் பார்த்துவிடலாம்.

ஆட்டக்காரர் எந்த நொடியில் கதவைத் திறப்பார் என்று எனக்குத் தெரியாது. அதனால் பாட்டைத் தொடக்கம், நடு, முடிவு என்று எழுத முடியாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, சேர்ந்து ஓடும் பல இழைகளாக எழுதி, ஆபத்து கூடக்கூட ஒவ்வோர் இழையாகத் திறந்துவிடுவது. 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசரின் முதுகில் ஏறினால் பாட்டு அப்படியே இருக்கும், பாங்கோ தாளம் மட்டும் கூட வந்து சேரும். இறங்கினால் போய்விடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷனுக்கு (2010) நிமிடத்துக்கு 130 தட்டு, ஏ மைனர் என்ற ஒரே சுரவரிசை என்று வரம்பு கட்டிக்கொண்டு இசை எழுதினார்கள். எந்த இழை எதன்மேல் விழுந்தாலும் ஒட்ட வேண்டுமே! இதை 'அடுக்கு' என்கிறேன்.

மற்றது 'தொடுப்பு'. துண்டு துண்டாக எழுதிவைத்துவிட்டு, அடுத்தது எது என்பதை ஆட்டத்தின் கையில் விட்டுவிடுவது. கண்ட இடத்தில் வெட்டினால் காது சுளிக்கும். தாள வட்டம் முடியும்வரை பொறுத்து, அடுத்த வட்டத்தின் முதல் தட்டான சமத்தில் மாற வேண்டும். மங்கி ஐலண்ட் 2க்கு (1991) மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் செய்த ஐமியூஸ் என்ற இசை மென்பொருள் இந்த வேலையில் கெட்டி. அதில் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போனால் கருவிகள் மாறும், மெட்டு அறுபடாது.

'ஊடாட்ட இசை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பொத்தானை அழுத்தியதும் நேராகப் பதில் சொல்லும் இசை அது. இது ஆட்டத்தின் நிலையைப் பார்த்து மாறுவது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978) நினைவிருக்கிறதா? இறங்கி வரும் நான்கே சுரங்கள். எதிரிகள் குறையக்குறைய வேகம் ஏறும், நமக்குக் கை வியர்க்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி, இப்போதுதான் எனக்கே விளங்கியது. போகிற போக்கில் ஒன்று: ஸ்டிங்கருக்கு என்ன சொல்லலாம்? புதையல் கிடைத்ததும் சட்டென்று அடித்துவிட்டுப் போகும் துணுக்கு.

இன்னொருவர்:

கொட்டு. தேளும் கொட்டும், மேளமும் கொட்டும்.

நிரலர்:

ஆகா. எதிர்ப்பே வரவில்லையே, குழுவில் எல்லோருக்கும் உடம்பு சரிதானே?

சங்க இலக்கிய ஆர்வலர்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நிலத்துக்குத் தக்க இசை நமக்குப் புதிதா? கருப்பொருள் பட்டியலில் பறையும் யாழும் இருக்கின்றன. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி, நெய்தலுக்கு மீன்கோட்பறை. ஆட்டக்காரர் மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் பறை மாறும். திணையிசை என்றே சொல்லலாம்.

இசையமைப்பாளர்:

அழகு. ஆனால் இடம் மாறினால் பாட்டு மாறுவது இதில் பாலபாடம். அதே மலையில் நின்றபடி, ஒளிந்திருந்தவர் மாட்டிக்கொண்டால்?

தமிழாசிரியர்:

உரிப்பொருள் மாறிவிட்டது என்று கொள்ள வேண்டியதுதான். திணைமயக்கம் எதற்கு இருக்கிறது?

இன்னொருவர்:

'அமைப்புகள் > ஒலி > திணைமயக்கம் > அணை'. நடத்துங்கள்.

நிரலர்:

என் பங்குக்கு 'மாறிசை'யும் இருக்கட்டும். மாறு + இசை, வினைத்தொகை. நிரலில் வேரியபிளை 'மாறி' என்கிறோம். இந்த இசையும் ஒரு மாறியின் மதிப்பைப் பார்த்துத்தான் மாறுகிறது. தற்செயலாக நன்றாக விழுந்திருக்கிறது.

இசையமைப்பாளர்:

கதைப்போக்கில் பாட்டு மாறுவதும் மாறுவதுதானே. எதற்குத் தக்கபடி என்பது விடுபடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

நேற்று நான்கு பேரிடம் திரையை அப்படியே காட்டிப் பார்த்தேன். 'சூழிசை' என்பதையும் நானே சேர்த்திருந்தேன். அதைக் கண்டவர்கள் நாலாபக்கமும் கேட்கும் ஒலி என்று நினைத்தார்கள். பக்கத்து வரியே சரவுண்ட் பற்றியது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'மாறிசை' என்றதும் ஒருவர், பாட்டை நாமே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். 'இசைவிசை'க்கு வந்தபோது மூன்று பேர் 'எந்த விசையை அழுத்த வேண்டும்?' என்றார்கள். ஐயா மன்னிக்க வேண்டும், அதற்கு மேல் வரியில் 'விசைகள்' என்று விசைப்பலகை அமைப்பு இருக்கிறது.

'தகவமை இசை' யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நான்கு பேரும் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

இன்னொருவர்:

அப்புறம் என்ன, தகவமை இசைக்கே என் வாக்கு. மனமில்லாமல்.

இசையமைப்பாளர்:

எனக்கும் சரி. ஒட்டகத்தோடு வாழப் பழகிக்கொள்கிறேன்.

சங்க இலக்கிய ஆர்வலர்:

சரி. 'திணையிசை' வேறு எதற்காவது பயன்படும், எடுத்து வையுங்கள்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மை அப்படியென்றால் தடுக்கவில்லை. ஆனால் 'தகவமை'யைக் கண்டு புரிந்துகொண்டவர்கள் அந்தச் சொல்லை வகுப்பில் கேட்டுப் பழகியவர்கள். அதே பழக்கத்தை 'இசைவு'க்கும் கொடுத்துப் பார்த்தோமா? விசை குறுக்கே வருகிறதென்றால் இசைவு இசை என்று பிரித்து எழுதுங்கள். அதுவும் 9 இடம்தான், இப்போது நானும் உங்கள் பெட்டிக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பிரித்து எழுதலாம் என்பதைப் புதன்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா? 'தகவமை இசை' என்று அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்பில் மாற்ற வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது.

அடுத்த பெட்டி: கிராஸ்ஃபேட். ஒரு பாட்டு அடங்க அடங்க அடுத்தது எழுவது. இதற்கு 10 இடம்தான்.