ஆறு மாசத்துல ஒன்பது பேர் வேலைய விட்டு நின்னுட்டாங்க, நானும் கிளம்பிடவா?

பட்டு செக்‌ஷன்:
தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடைல பட்டு செக்‌ஷன்ல இருக்கேன், சேர்ந்து நாலு வருஷம் மூணு மாசம் ஆச்சு. தீபாவளி முடிஞ்சு புது ஃப்ளோர் மேனேஜர் வந்தார், அதுலருந்து எங்க பதினாலு பேர்ல ஒன்பது பேர் நின்னுட்டாங்க. பத்து நிமிஷம் லேட்னா அரை நாள் சம்பளம் கட், கஸ்டமர் வாங்காம எழுந்து போனா எல்லார் முன்னாடியும் திட்டு. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்ல. நேத்து ஒரு பொண்ணு, நாலாவது நாள்தான், 18,000 ரூபா புடவைய முந்தி ஜரிகை மேலயே அழுத்தி மடிச்சுட்டா, கோடு விழுந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் அவர் கத்தினதுல அழுதுட்டே மதியமே போயிட்டா. எனக்கு அஞ்சு நிமிஷம் கிடைச்சிருந்தா காட்டிக்கொடுத்திருப்பேன், ஆனா நான் தனியா மூணு கவுண்டர் பாத்துட்டு இருந்தேன். மனசே ஆறல. பேப்பர் போட்டுடவா?

கணக்குப்பிள்ளை:
அவசரப்படாதீங்கமா. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலைய விட்டுப் போறப்ப முதலாளி தர்ற பணத்துக்கு, அஞ்சு வருஷம்னுதான் கடைல சொல்வாங்க, ஆனா நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள், அதாவது சுமார் எட்டு மாசம், வேலை பாத்திருந்தாலே உண்டுன்னு சென்னை ஐகோர்ட் தீர்ப்பு இருக்கு. பேசிக் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 13,000னு வைங்க, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்குனா வருஷத்துக்கு 7,500, அஞ்சு வருஷத்துக்கு 37,500 ரூபா. இன்னும் அஞ்சு மாசத்துக்காக அத விட்றாதீங்க. பிஎஃப் பாஸ்புக்க இப்பவே பாருங்க, மாசாமாசம் பணம் ஏறியிருக்கான்னு.

மதுரை அக்கா:
உட்காரவாச்சும் விடறாங்களா தங்கச்சி? கடைல வேலை பாக்குறவங்களுக்கு இருக்கை கொடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. எங்க கடைல ஸ்டூல் போட்டாங்க, ஆனா உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைப்பார், அதுக்கே ரெண்டு பேர் வேலைய விட்டாங்க.

பழைய சூப்பர்வைசர்:
நான் பன்னெண்டு வருஷம் ஃப்ளோர் பாத்தவன். பழைய ஆள் போனா கம்மி சம்பளத்துல புது ஆள் கிடைக்கும்னு முதலாளிங்க நினைக்கிறாங்க. ஆனா கல்யாணப் பட்டு எடுக்க வர்ற குடும்பம் போன தடவ எடுத்துக்காட்டின பொண்ணத்தான் தேடும், அந்தப் பொண்ணு இல்லன்னா சும்மா பாத்துட்டு அடுத்த கடைக்குப் போயிடும். இத நான் கண்ணால பாத்திருக்கேன். மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டாதீங்க, மிச்சம் இருக்கற அஞ்சு பேரும் சேர்ந்து முதலாளிய நேர்ல பாருங்க, யார் யார் எந்த மாசம் நின்னாங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க.

பட்டு செக்‌ஷன்:
ரொம்ப நன்றி. அஞ்சு மாசம்னா தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னாடி முடிஞ்சிடும், பல்லக் கடிச்சுட்டு இருந்துடறேன். லிஸ்ட் எழுத ஆரம்பிச்சுட்டேன். நாளைக்கு ரெண்டு புது பிள்ளைங்க வர்றாங்களாம், ஷட்டர் தூக்கின உடனேயே கூப்பிட்டு முந்தி மடிப்பு காட்டிக்கொடுத்துடறேன்.