ஸ்கோப் மவுண்ட் எது எடுக்கலாம், கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, காம்பெடிஷன் ரைஃபிளுக்கு நம்பகமான ஸ்கோப் மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிள் மேல பிடிச்சு வைக்கிற பாகம்) ஒண்ணு தேடிட்டு இருக்கேன். ஸ்கோப் ட்யூப் 34 மிமீ, ரைஃபிள்ல பிக்காட்டினி ரெயில் (மவுண்ட் மாட்டுறதுக்கு குறுக்குப் பள்ளம் வெச்ச பட்டை). இப்ப ட்யூபைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ரிங்கும் மலிவா வாங்கினது, 30-40 ரவுண்டு போனதும் ஜீரோ (குறி வெச்ச இடத்துலயே குண்டு படுற மாதிரி வெச்ச செட்டிங்) நகர்ந்துடுது, முதல்ல என் கை மேலதான் சந்தேகப்பட்டேன், அப்புறம் கழட்டிப் பார்த்தா ட்யூப்ல ரிங் வழுக்கின தடம் அப்படியே தெரியுது. டார்க் ரெஞ்ச் (ஸ்க்ரூவை அளவா இறுக்குற கருவி) வெச்சுதான் முறுக்கினேன், அதனால தயவுசெஞ்சு அதை மட்டும் ஆரம்பிக்காதீங்க.

ஒன் பீஸ் மவுண்ட் (ரெண்டு ரிங்கும் ஒரே அடித்தளத்துல வர்றது) போட்டா ரெண்டு ரிங்கும் நேர்கோட்டுல நிக்கும்னு புரியுது, ஆனா வெயிட் ரொம்ப கூடுமா? ரெயில்ல சாய்வு எதுவும் கிடையாது, 1000 மீட்டர் வரைக்கும் சுடணும், அதனால 20 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு) சாய்வு உள்ளதா எடுக்கலாம்னு யோசனை, அப்படி எடுத்தா 100 மீட்டர்ல ஜீரோ பண்றதுக்கு எலிவேஷன்ல (ஸ்கோப்போட மேல்-கீழ் அட்ஜஸ்ட்மென்ட்) இடம் மிச்சம் இருக்குமா? யூஸ் பண்ணவங்க சொல்லுங்க.