கம்பளி போட்டால் சுணை பிடுங்குகிறதா? கண்டதைப் பகிருங்கள்

குன்னூர் கம்பளிக்கடை
வைக்கோல் போரில் புரண்டு எழுந்த பையனுக்கு உடம்பெல்லாம் சுணை பிடுங்குமே, கம்பளி செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தின் நுனி தோலில் முட்டுகிறது. மெல்லிய ரோமம் முட்டியதும் வளைந்துகொடுக்கும். தடித்தது வளையாது, குத்தும். ஒரு வித்தியாசம்: வைக்கோல் சுணை தோலிலேயே தங்கிவிடும், கம்பளி நுனி தங்காது. கழற்றிய சில நிமிடங்களில் நமைச்சல் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, வெறும் குத்தல்.

இழையின் தடிமனுக்குக் கணக்கு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கலந்திருந்தால் பலருடைய தோலுக்கும் தெரிந்துவிடும். சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 22 உள்ள ரோமத்திலும் 35 மைக்ரான் இழைகள் ஒளிந்திருக்கலாம். ஒரே நீளமுள்ள நுனி என்றால், 18 மைக்ரான் இழையை வளைப்பதைவிட 24 மைக்ரான் இழையை வளைக்க மூன்று மடங்கு விசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 6 மைக்ரான் கழுத்துக்குத் தெரிவது இதனால்தான்.

மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன ஆட்டினம் 'மெரினோ'. அந்தப் பெயரும் உத்தரவாதம் இல்லை, 23, 24 வரைக்கும் மெரினோ என்றே விற்பார்கள். தோலோடு ஒட்டிப் போடுவதற்கு 18.5க்குக் கீழே கேளுங்கள். கோட்டுத் துணியில் 'சூப்பர் 100' என்று இருந்தால் இழை அதிகபட்சம் 18.75 மைக்ரான், 'சூப்பர் 120' என்றால் 17.75. ஸ்வெட்டர் லேபிளில் இந்த எண் அபூர்வம். '100% வூல்' என்பது ஆட்டின் ரோமம் என்று மட்டும்தான் சொல்கிறது, எந்த ஆடு என்று சொல்லாது.

ஊசிநூல்
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். கடையில எல்லாரும் உள்ளங்கையால தடவிப் பார்த்துட்டு "ஆகா, பஞ்சு மாதிரி இருக்கு"ன்னு வாங்கிட்டுப் போறாங்க. உள்ளங்கைத் தோல் தடிப்பு, அதுக்கு இந்தக் குத்தல் தெரியவே தெரியாது. ஸ்வெட்டரோட உள்பக்கத்தைத் திருப்பி, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கவாட்டுல வச்சு லேசா அழுத்தி ரெண்டு நிமிஷம் பிடிங்க. இல்லைன்னா மணிக்கட்டு உள்பக்கம். அங்க உறுத்தலைன்னா ஓரளவு நம்பலாம்.

ரெண்டாவது, அது வூல்தானான்னு பாருங்க. 'கேஷ்மிலான்'னு விக்கிறது அக்ரிலிக். டூரிஸ்ட் தெருவுல அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிற 'பஷ்மினா'வும் பெரும்பாலும் விஸ்கோஸோ அக்ரிலிக்கோதான். உள்தையல் ஓரத்துல ரெண்டு அங்குல நூல் உருவி, இடுக்கியில பிடிச்சு எரிச்சுப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், சாம்பல் விரல்ல நசுக்கினா பொடியாகும். அக்ரிலிக் உருகி கெட்டி மணி மாதிரி நிக்கும்.

மூணாவது நூற்பு. வொர்ஸ்டெட் நூல்ல சீவி நேராக்கின நீள இழை, நுனி கம்மி. வூலன் நூற்புல குட்டை இழைங்க குறுக்கும் நெடுக்குமா கிடக்கும், புசுபுசுன்னு இருக்கும். அந்தப் புசுபுசுதான் குத்தும். மோஹேர் (ஒரு வகை வெள்ளாட்டு ரோமம்), அங்கோரா (முயல் ரோமம்) கழுத்துக்கு வேண்டாம்.

சில நேரம் வில்லன் ஸ்வெட்டரே இல்லை, காலர்ல இருக்குற நைலான் லேபிள். அதைப் பிரிச்சு எடுத்துட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்க.

ஸ்காபரோ
இங்க கனடாவில ஒரே உடுப்பு வெளியில சோலி தராது, உள்ள வந்தாக் கடிக்கும். மைனஸ் 15இல நடந்திட்டு ஹீட்டர் போட்ட மோலுக்குள்ள போனா வேர்க்கும். வேர்வையில நனைஞ்ச தோல் மெத்துப்பட்டு நுனிகள் இன்னும் நல்லாக் குத்தும். அதால இறுக்கமான தடிச்ச ஒண்டைப் போடாம, உள்ளுக்க சதுர மீட்டருக்கு 150 இல்லாட்டி 200 கிராம் நிறையுள்ள மெரினோத் துணி, மேல கழட்டக்கூடிய ரெண்டாவது ஸ்வெட்டர் எண்டு போடுறது நல்லம். இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு தோலை அமத்தும், அமத்தினாக் குத்தல் கூடும்.

உள்ளுக்க பருத்தி பெனியன் போட்டு மேல கம்பளி போடுற ஆக்கள் கழுத்தையும் மணிக்கட்டையும் மறந்திடுகினம். கம்பளி தோலில படுற இடம் அது ரெண்டும்தான். முழுக்கை, காலர் வைச்சதாப் போடுங்கோ.

தோல்பக்கம்
குத்தலையும் அலர்ஜியையும் பிரித்துப் பார்க்க நேரத்தைக் கவனியுங்கள். குத்தல் போட்ட சில நிமிடங்களில் தொடங்கும், கழற்றினால் அடங்கும். ஒவ்வாமைத் தடிப்பு ஒன்று இரண்டு நாள் கழித்து வரும், கழற்றிய பிறகும் கிடக்கும். அப்போதும் சாயம், துணிக்குப் போட்ட பதம் இவற்றின் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். கம்பளிக் கொழுப்பான லானோலின் ஆலையில் கழுவும்போதே பெரும்பகுதி போய்விடுகிறது. பேட்ச் டெஸ்ட் என்றால் முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள்.

எக்ஸிமா (தோல் வறண்டு நமைக்கும் அழற்சி) உள்ளவர்களுக்குக் கம்பளி ஆகாது என்ற பேச்சுக்குக் காரணம் உண்டு. ஹானிஃபின், ராஜ்கா என்ற தோல் மருத்துவர்கள் இருவரும் எக்ஸிமாவைக் கண்டறிய 1980இல் வகுத்த அடையாளப் பட்டியலிலேயே 'கம்பளி ஒத்துக்கொள்ளாமை' துணை அடையாளமாக இருக்கிறது. ஆனால் மெல்பர்னில் மூன்று வயதுக்குட்பட்ட 39 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மிக மெல்லிய மெரினோ போட்ட ஆறு வாரங்களில், பருத்தி போட்ட ஆறு வாரங்களைவிட எக்ஸிமா குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். புண்ணாகி நீர் வடியும் தோலில் எந்தக் கம்பளியும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பெட்டியில் கிடந்த கம்பளியை எடுத்ததும் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கும். துவைத்து, வாசனை முற்றிலும் போகும்வரை வெளியில் உலர்த்திய பிறகுதான் குழந்தை அருகே கொண்டுபோக வேண்டும். தும்மலோடு சேர்ந்து வரும் நமைச்சலுக்குப் பெட்டித் தூசியும் தூசிப்பூச்சியும் காரணமாக இருக்கலாம்.

குன்னூர் கம்பளிக்கடை
துவைப்பதில்தான் நல்ல ஸ்வெட்டர் கெட்டுப்போகிறது. சாதாரண சலவைத்தூள் பலவற்றில் புரதக் கறையைத் தின்னும் என்சைம் இருக்கிறது. ரோமமும் புரதம்தானே, அதையும் அரிக்கும். ஈஸி மாதிரி கம்பளிக்கென்றே வரும் லிக்விட் ஒரு மூடி, 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடம் ஊறல், கசக்காமல் அமுக்கி எடுப்பது, இவ்வளவு போதும். அலசும் தண்ணீரும் அதே சூடு. கடைசி அலசலில் 50 மில்லி வெள்ளை வினிகர் விட்டால் தங்கிய காரம் நீங்கும், துணி மெத்தென்று இருக்கும். ப்ளீச் வேண்டவே வேண்டாம், கம்பளி கரைந்தே போகும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் படுக்கை வாட்டில் காய வையுங்கள்.

தலைக்குப் போடும் கண்டிஷனரை ஒரு மேசைக்கரண்டி கரைத்து 20 நிமிடம் ஊற வைக்கும் வித்தை கொஞ்சம் பலிக்கும், அடுத்த துவைப்புவரை. ஃப்ரீசரில் வைப்பது வீண், குளிரில் இழை மெலியாது. உள்பக்கம் எழும்பும் நூல் உருண்டைகளை மெஷினால் சிரைக்காதீர்கள். நீள நுனி வளையும், சிரைத்த கட்டை நுனி வளையாது.

ஊசிநூல்
கர்நாடகாவுல சித்ரதுர்கா பக்கத்துக் கம்பளியைப் பத்தி யாரோ தனியா கேட்டிருந்தாங்க. தக்காண ஆட்டு ரோமம், தடிப்பு. பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை போட்டு நெய்யறதால புதுசுல அட்டை மாதிரி நிக்கும். அலச அலச பசை போகும், விறைப்பு குறையும், ஆனா ரோமத் தடிமன் அப்படியேதான் இருக்கும். அது மேல போர்த்த, கீழ விரிக்க. கீழ ஒரு பருத்தி வேட்டி இல்லாம படுக்காதீங்க.

குத்துற ஸ்வெட்டரைத் தூக்கிப் போட மனசில்லைன்னா கழுத்துக்கு உள்பட்டி வைங்க. வி-கழுத்து, கார்டிகனுக்கு மல்மல்ல 4 செ.மீ. அகலக் கிராஸ் பீஸ், அதாவது சாய்வா வெட்டின பட்டி. வட்டக் கழுத்துக்கு மல்மல் போட்டா தலை நுழையாது, பனியன் துணிதான் சரி, இழுவை கழுத்தைச் சுத்தி வர்ற மாதிரி வெட்டணும். நூலை இழுத்துப் பிடிக்காம கையாலேயே தளர்வாத் தைங்க. வெட்டுறதுக்கு முன்னாடி துணியை நனைச்சு சுருங்க விட்டுடுங்க, இல்லைன்னா முதல் துவைப்புலயே கழுத்து கோணிக்கும்.