போன் செயலி காட்டும் 6 இலக்க எண்ணை ஆபீஸ் லாகின் ஏற்க மறுக்கிறது, உதவுங்கள்

வேப்பமரம்:
விபிஎன்னில் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) நுழைய பாஸ்வேர்டு போட்டபிறகு போனில் ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் எண்ணையும் போடவேண்டும். நேற்று மாலைவரை சரியாக இருந்தது, இன்று காலையிலிருந்து எதைப் போட்டாலும் "தவறான குறியீடு". பாஸ்வேர்டு சரி, போன் மாற்றவில்லை, நெட்டும் வருகிறது. டீமில் மற்றவர்களுக்குத் திறக்கிறது. ஐடி பிரிவுக்கு டிக்கெட் போட்டேன், சத்தமே இல்லை.

கடைசி_பெஞ்ச்:
செயலியை அழித்துவிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க.

ரூட்_ராமு:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தபோது வந்த ரகசியச் சாவி அந்தச் செயலிக்குள்தான் இருக்கிறது, பேக்கப் இல்லாமல் அழித்தால் அட்மின் ரீசெட் செய்யும்வரை உள்ளேயே போகமுடியாது.

அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை, அதனால் நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஏரோபிளேன் மோடிலும் காட்டும். அந்தச் சாவியையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்து போனே கணக்குப் போடுகிறது, சர்வரும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுகிறது. பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு எண். முன்னே பின்னே ஒரு எண்வரை சர்வர் பொறுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் தவறுதான். மற்றவர்களுக்குத் திறப்பதால் சர்வர் கடிகாரம் சரி. உங்கள் போனில் தானியங்கி நேரம் ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

வேப்பமரம்:
ஆஃபில் இருக்கிறது, 10 நிமிடம் வேகமாக ஓடுகிறது! வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் போலவே அப்பா என் போனையும் "கூட்டி" வைத்திருக்கிறார், பஸ்ஸை விடக்கூடாதாம். ஆன் செய்ததும் முதல் எண்ணிலேயே திறந்துவிட்டது, நன்றி அண்ணே. பேசாமல் எஸ்எம்எஸ் ஓடிபிக்கு மாறிவிடட்டுமா?

ரூட்_ராமு:
வேண்டாம். யாராவது மோசடிக்காரன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவன் கைக்குப் போகும். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே எஸ்எம்எஸ்ஸைக் "கட்டுப்படுத்தப்பட்ட" வகையில், அதாவது ஆபத்தை உணர்ந்துதான் பயன்படுத்தவேண்டிய வகையில், வைத்துவிட்டது. செயலி இல்லாதபோது நுழைவதற்கான பேக்கப் குறியீடுகள் கொடுத்திருந்தால் தாளில் எழுதி வையுங்கள், அதே போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வேண்டாம்.

துபாய்_தம்பி:
இந்தியாவிலிருந்து இங்கே துபாயில் வந்து இறங்கியதும் நேர மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் திருத்துகிறவர்களுக்கும் இதே கதிதான், திரையில் மணி சரியாகத் தெரிந்தாலும் செயலி கணக்குப் போடும் நேரம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போய்விடும்.

கடைசி_பெஞ்ச்:
அப்பாவிடம் யார் சொல்வது?

வேப்பமரம்:
போன் லாக்கை மாற்றிவிட்டேன்.