பால்மா டின்னில் கொஞ்சம் மண்

ஆன்மிக அனுபவம் எழுதும் இந்தக் குழுவில் எல்லோரும் கோயில், தரிசனம் என்று எழுதுகிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு கல்லறைத் தோட்டத்துக் கதைதான். நீலகிரியில் பந்தலூர் பக்கம் தபால்காரனாக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றேன். வயது 71. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு தட்டிவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது, கணக்குத்தான். இன்னும் எத்தனை வருடம், பேத்தி கல்யாணத்துக்கு இருப்பேனா, இப்படி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முன்பு நான் முதியோர் பணம் மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு அக்காவைப் பார்க்கப் போனேன். சிலோனிலிருந்து வந்தவர். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக 1964-ல் இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதே, அதில் ஒரு தலை. வந்தது 1973-ல், கைக்குழந்தையோடு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று தேயிலை இருக்கும் இடமெல்லாம் இவர்களைப் பார்க்கலாம். அக்காவுக்கு இப்போது 85 இருக்கும்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஆள் இல்லை. தேயிலைச் சரிவுக்கு மேலே, கல்லறையில் இருந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மெழுகுவத்தி காற்றில் அணையாமலிருக்க, அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்களை மேலே கவிழ்த்திருந்தார்கள். சரிவு முழுக்க மங்கல் மங்கலாக வெளிச்சம். அக்கா புருஷனுடைய கல்லறை மேல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்டென்ட் கதையைச் சொன்னேன். "அது எத்தனை வருசம் உழைக்குமாம்?" என்று கேட்டார். டாக்டரிடம் நானே கேட்கத் துணியாத கேள்வி.

பிறகு பையிலிருந்து துருப்பிடித்த பால்மா டின் ஒன்றை எடுத்தார். உள்ளே பழைய சேலைத் துணியில் முடிந்த மண். மடு மாதா கோயில் மண். இலங்கையில் மன்னார்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற கோயில். அந்த மண் கையில் இருந்தால் பாம்பு தீண்டாது என்பது அங்கே நம்பிக்கை. கப்பலேறுவதற்கு முந்தின திருவிழாவில் அள்ளியதாம். 1991-ல் புருஷனை அடக்கம் பண்ணும்போது பாதியைக் குழியில் போட்டார். மீதி தனக்கு. மகனிடம் சொல்லிவைத்திருக்கிறார், மண்ணை மட்டும் போடு, டின்னைப் போட்டுவிடாதே, நல்ல டின் என்று.

"பயமா இல்லையாக்கா?"

"தலைமன்னார்ல கப்பல் ஏறறப்ப பயந்தேன் தம்பி. அக்கரை எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ராமேஸ்வரத்துல எறங்கினா, வாங்கன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. மண்டபம் கேம்புல பேரைக் குடுத்துட்டு உக்காந்திருந்தோம். இந்தத் தடவை அப்படியா? மாதா இருக்கா. அவரும் முன்னாடியே போயிட்டாரு. எறங்கினதும் கூப்பிட ஆள் இருக்கு."

பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். மோட்சம் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல எனக்குத் தெரியாது. நான் முருகன் கோயிலுக்குப் போகிற ஆள், அதுவும் கிருத்திகைக்குக் கிருத்திகை. ஆனால் தெரியாத கரைக்குக் கப்பலேறிய அனுபவம் அவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் தோன்றுகிறது. விழிப்பு இப்போதும் வருகிறது. வந்தால் அந்தப் பாட்டில் வெளிச்சங்களை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். சில நாள் தூங்கிவிடுகிறேன், சில நாள் இல்லை.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். வெடிப்புகளில் இன்னும் தேயிலைக் கறை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல்நுனி வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. அதனால் பணம் கொடுக்க வருகிற பையனின் மெஷினில் ரேகை விழுவதில்லையாம். 1,200 ரூபாய்க்காகப் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"அடுத்த மாசமும் விழலைன்னா போன் போடுறேன். நீ வந்து அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க இறங்கினேன்.