எல்ல பெயரிலான டொட் கொம் முகவரியை 1,800 டொலருக்கு வாங்கலாமா?

பண்டாரவளை வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். சுற்றுலா ஊரான ‘எல்ல’வின் பெயரும் ‘ஹோட்டல்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்த டொட் கொம் ஆள்களப் பெயர் (இணைய முகவரி) ஒன்றை அதன் உரிமையாளர் 1,800 டொலருக்குத் தருவதாகக் கூறுகிறார். தானியங்கி மதிப்பீட்டுத் தளம் ஒன்று அதற்கு 2,400 டொலர் பெறுமதி காட்டுகிறது. எல்ல என்று கூகுளில் தேடுவோரின் தொகையும் மிகப் பெரிதாகவே இருக்கிறது. தளம் நடத்தும் எண்ணம் எனக்கில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்திருந்து விற்பதே நோக்கம். அத்துடன், மலையகத்தின் பெயர்பெற்ற தேயிலைத் தோட்டங்களின் பெயர்களில் இருபது முகவரிகளைப் புதிதாகப் பதிந்து வைக்கவும் யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

ஹட்டன் அண்ணன்:
தம்பி, முதலில் அந்தத் தேடல் தொகையை ஒதுக்கி வையுங்கள். ஆங்கிலத்தில் அதே நான்கெழுத்து, மேலை நாடுகளில் பெண்களுக்கு வைக்கும் மிகப் பரவலான பெயர். பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டைத் தேடுபவர்கூட உங்கள் கணக்கில் வந்து விழுகிறார். தேடல் தொகையைக் காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானர் கருவியில் ஊர், நாடு, ஹோட்டல் மூன்றும் வரும் முழுத் தொடர்களை இட்டு, அவற்றுக்கு விளம்பரதாரர்கள் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கொடுக்க முன்வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தானியங்கி மதிப்பீடு விலையாகாது, ஏனெனில் அதன் பின்னால் பணத்தோடு நிற்பவர் எவருமில்லை. சிறிய ஊர்ப் பெயருடன் ஹோட்டல்ஸ் சேர்ந்த பெயர்கள் இதுவரை என்ன விலைக்குக் கைமாறின என்பதை நேம்பயோ தளத்தில் தேடலாம். தேடும் சொல்லே முகவரியாக இருந்தால் தரமற்ற தளமும் முன்னுக்கு வந்துவிடும் என்ற நிலையை 2012 செப்டெம்பரில் கூகுள் மாற்றிவிட்டது. பெயரை மட்டும் காட்டி ‘இது தானாக முதலிடம் வரும்’ என்று விற்பவர் அதற்கு முந்திய காலத்துக் கதையைத்தான் சொல்கிறார்.

வாங்கப்போவது யார் என்பதே இங்கு உண்மையான கேள்வி. எல்லவில் நான்கைந்து அறை வைத்திருப்பவர்களில் பலருக்கு விருந்தினர் புக்கிங் டொட் கொம் வழியாகவே வருகிறார்கள். அங்கு தரகு கொடுப்பவர் முகவரிக்கெனத் தனியாக ஆயிரக்கணக்கில் டொலர் கொடுப்பார் என்று நான் நம்பவில்லை. ஏற்கெனவே கூகுளில் விளம்பரம் செய்யும் சுற்றுலா முகவர்கள் பத்துப் பேரையாவது நிறுவனப் பெயருடன் எழுதிப் பாருங்கள். பட்டியல் நிரம்பாவிட்டால் 300 டொலருக்கு மேல் பேச வேண்டாம்.

கண்டி சட்டத்தரணி:
தோட்டப் பெயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல, பெருந்தோட்டக் கம்பனிகள் தேயிலை விற்கும் வணிகக் குறிகள். இணைய முகவரிப் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகான் 1999இல் ஏற்படுத்திய பிணக்குத் தீர்வு முறையின்படி, குறியை ஒத்த பெயரை, உரிமையோ நியாயமான நலனோ இல்லாதவர் தீய நோக்கத்துடன் பதிந்து பயன்படுத்தினார் என்று நிறுவப்பட்டால் அந்தப் பெயர் பறிக்கப்படும். குறியின் உரிமையாளருக்கே இலாபத்துக்கு விற்கவெனப் பதிவதைத் தீய நோக்கத்தின் சான்றாக அந்த விதியே குறிப்பிடுகிறது. உங்கள் திட்டமோ கிட்டத்தட்ட அதுவேதான். பிணக்கு எழாவிட்டாலும், பெயருக்குப் பன்னிரண்டு டொலர் என்று வைத்தால் இருபதுக்கும் ஆண்டுதோறும் 240 டொலர் புதுப்பித்தல் கட்டணம் போகும்.

பண்டாரவளை வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தோட்டப் பெயர்களைக் கைவிட்டேன். எல்ல முகவரியை அவர் 300க்கு இறக்கினால், பணத்தை முற்கூட்டியே அனுப்பலாமா?

ஹட்டன் அண்ணன்:
அனுப்பவேண்டாம். எஸ்க்ரோ டொட் கொம் போன்ற இடைநிலைச் சேவையில் பணத்தை வைத்து, பெயர் உங்கள் கணக்கிற்கு வந்தபின் விடுவியுங்கள். அதன் கட்டணத்தை யார் ஏற்பது என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அவர் அதை அண்மையில்தான் பதிந்திருந்தால், 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்திடம்) மாற்ற இயலாதிருக்கலாம். அதே பதிவாளரிடம் நீங்களும் கணக்குத் திறந்தால் உள்ளேயே மாற்றிக்கொள்ள வழியுண்டு. பேரம் பேசுமுன் வேபேக் மெஷினில் அந்த முகவரியின் பழைய பக்கங்களை ஆண்டுவாரியாகத் திறந்து பாருங்கள். இடையில் சூதாட்ட விளம்பரமோ மருந்து விற்பனையோ நடந்திருந்தால் 300கூட அதிகம்.